உப்பின் சாட்சி: கிரகரி வாவியும் மலைநாட்டு நீரின் வரலாறும்

ஒரு நாட்டின் வரலாற்றை எழுதப் புகுவோர் கல்வெட்டுகளையும் ஏடுகளையும் அரசாங்க ஆவணங்களையும் ஆதாரமாகக் கொள்வது மரபு. இலங்கை மலைநாட்டுப் பெருந்தோட்டங்களின் வரலாறும் இவ்வாறே ஆட்பதிவுகளையும் ஏற்றுமதிக் கணக்குகளையும் சட்டங்களையும் அடிப்படையாகக் கொண்டு எழுதப்பட்டு வந்துள்ளது. ஆயினும், எழுத்தில் அமையாத ஆவணமொன்றும் அம்மலைகளில் உண்டு. அது நீர். காடழித்தல், பயிரிடல், பசளையிடல், வீடமைத்தல், விடுதி நடத்தல் என மலைச்சரிவில் மனிதர் செய்வன யாவும் மழையோடு கலந்து ஓடைக்கும், ஓடையிலிருந்து வாவிக்கும் வந்து சேருகின்றன. முறையாக அளந்து படிப்பார் இருப்பின், வாவியும் ஓர் ஆவணக் காப்பகமே. நுவரெலியாவின் கிரகரி வாவியை இந்நோக்கில் ஆராய்வதும், நீரின் அளவீடு வரலாற்று அறிவுக்கும் சமூக நீதிக்கும் எங்ஙனம் துணைசெய்யும் என்பதைக் காட்டுவதும் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வாவியின் தோற்றம்

நுவரெலியா, கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,870 மீற்றர் உயரத்தில், இலங்கையின் அதியுயர் சிகரமாகிய பிதுருதலாகலையின் அடிவாரத்தில் அமைந்த பள்ளத்தாக்கு. 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில், வெப்பத்தாலும் நோயாலும் தளர்ந்த ஆங்கிலேயர் உடல் தேறுவதற்குரிய இடமாக இதனைக் கண்டனர். தேசாதிபதி எட்வேட் பாண்ஸ் இங்கு தமக்கொரு மாளிகை அமைத்தார். 1848ஆம் ஆண்டில் சாமுவேல் பேக்கர் ஐரோப்பியக் கால்நடைகளையும் பயிர் விதைகளையும் கொணர்ந்து பண்ணைக் குடியேற்றமொன்றை நிறுவினார். இன்று நுவரெலியாவின் பெயரோடு பிரிக்கவொண்ணாது இணைந்துள்ள காய்கறிச் செய்கைக்கு அக்குடியேற்றமே முன்னோடி எனலாம்.

அக்காலத்தில் பள்ளத்தாக்கின் அடிநிலம் சதுப்பாகவே கிடந்தது. 1872 முதல் 1877 வரை தேசாதிபதியாக விளங்கிய சேர் வில்லியம் கிரகரியின் காலத்தில், 1873ஆம் ஆண்டில், பிதுருதலாகலையிலிருந்து இறங்கி வரும் தலகலை ஓயா மறிக்கப்பட்டுச் சதுப்பு நிலம் வாவியாயிற்று. தேசாதிபதியின் பெயரே அதற்கு வழங்கலாயிற்று. எனவே கிரகரி வாவி இயற்கை அளித்த ஏரியன்று. குடியேற்ற ஆட்சி தன் ஓய்வுக்காகவும் எழிலுக்காகவும் ஆக்கிக்கொண்ட நீர்நிலையாகும். பண்டைய மன்னர் வயலுக்காகக் குளம் கட்டினர். இவ்வாவியோ உழவை நோக்கிக் கட்டப்பட்டதன்று. இவ்வேறுபாடு கருதத்தக்கது. வயலுக்குரிய குளத்தின் நீரை உழவர் நாளும் நோக்குவர். காட்சிக்குரிய வாவியின் நீரைக் கரையிலிருந்து காண்போர் அதன் மேற்பரப்பை மட்டுமே காண்பர்.

அதே 1873ஆம் ஆண்டில் மற்றொரு நிகழ்ச்சியும் நடைபெற்றது. தாவரவியலறிஞர் ஜோசப் ஹூக்கர், இலங்கையில் 5,000 அடிக்கு மேற்பட்ட மலைக்காடுகளை அழிக்காது பேணுதல் வேண்டுமெனப் பரிந்துரைத்தார். கோப்பிச் செய்கைக்காகக் காடுகள் விரைந்து அழிக்கப்பட்டு வந்த காலம் அது. 1869இல் தோன்றிய இலைத்துரு நோய் கோப்பியைப் படிப்படியாக வீழ்த்த, 1867இல் லூல்கந்துரைத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெயிலர் தொடங்கிய தேயிலைச் செய்கை அதன் இடத்தைப் பற்றிக்கொண்டது. 1884இல் ஹட்டனையும் 1885இல் நானுஓயாவையும் புகையிரதப் பாதை எட்டியது. தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளரின் உழைப்பால் காடு தோட்டமாயிற்று. தோட்டத்தோடு லயங்களும் தொழிற்சாலைகளும் நகரங்களும் எழுந்தன. மலையுச்சிக் காடு நீரின் பிறப்பிடம் என்பதை அறிஞர் உணர்த்திய அதே ஆண்டில் வாவி அமைந்ததும், அதன் பின்னர் வந்த ஒவ்வோர் ஆண்டும் அந்நீரின் வழியில் புதிய குடியிருப்புகள் தோன்றியதும் வரலாற்றின் முரணாகும்.

1880களில் திரவுற்று மீன்கள் நுவரெலியாப் பகுதி நீரோடைகளில் விடப்பட்டன. இம்மீன் குளிர்ந்த, தெளிந்த, ஒட்சிசன் நிறைந்த நீரிலன்றி வாழாது. 1910களின் முற்பகுதியில், நுவரெலியாவுக்கும் நானுஓயாவுக்கும் இடைப்பட்ட பிளக்பூலில் சிறு நீர்மின் நிலையமொன்று அமைந்து வாவி நீரைப் பயன்கொண்டது. இலங்கை நீர்மின்னியலின் முன்னோடியாகிய பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திரவின் பெயர் இதனோடு தொடர்புடையது. இங்ஙனம் ஓய்வுக்கெனப் பிறந்த வாவி நகருக்கு ஒளியூட்டும் வாவியாகவும் மாறியது.

நீரை அளக்கும் கலை

வாவி அமைவது ஒரு நிகழ்ச்சி. அது மாசுறுவது ஒரு நாளில் நிகழ்வதன்று. கண்ணுக்குப் புலனாகும் முன்னரே பல ஆண்டுகளாக நடைபெற்று வரும் மாற்றமாகும். அதனை அறிய அளவுகோல் வேண்டும். அவ்வளவுகோல் உருவான வரலாறு நம் நாட்டுக்கு வெளியே தொடங்குகின்றது.

1887ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மாசச்சூசெற்ஸ் மாநிலச் சுகாதார சபை, தன் மாநிலத்து நீர்நிலைகளைப் பெருமளவில் ஆராயத் தொடங்கியது. அப்பணியை ஆய்வுகூடத்தில் முன்னின்று செய்தவர் எலன் சுவாலோ றிச்சட்ஸ் என்னும் பெண் இரசாயனவியலறிஞர். கடற்காற்றால் மழைநீரில் கலக்கும் உப்பு, கரையிலிருந்து உள்நாடு செல்லச் செல்லக் குறைகின்றது. இவ்வியல்பான குளோரைட்டு அளவை நிலப்படத்தில் கோடுகளாக வரைந்தால், எந்த ஊரின் நீரில் அவ்வளவு மீறுகின்றதோ அந்த ஊரில் மனிதக் கழிவு நீரோடு கலக்கின்றது என்பது தெளிவாகும். இதுவே றிச்சட்ஸ் வகுத்த இயல்புக் குளோரின் படத்தின் கருத்து.

குளோரைட்டைத் தேர்ந்தமைக்குக் காரணம் உண்டு. நைத்திரேற்றைப் பயிர்களும் நுண்ணுயிர்களும் பெருமளவில் உட்கொள்ளும். பொசுபேற்று மண்துணிக்கைகளில் ஒட்டிக்கொள்ளும். குளோரைட்டோ பெரும்பாலும் மாறாது, மண்ணில் தங்காது, நீர் செல்லுமிடமெல்லாம் உடன்செல்லும். உப்பிட்டவரை உள்ளளவும் நினைக்க வேண்டுமென்பது தமிழர் வாழ்வில் ஊறிய மொழி. நீர் அம்மொழியைக் காத்து வருகின்றது; தன்னில் உப்பிட்டவர் எவரையும் அது மறப்பதில்லை. மேலும் இவ்வளவீடு எளிது. 1856இல் கார்ல் பிரீட்ரிக் மோர் வெளியிட்ட முறைப்படி, குரோமேற்றுக் காட்டி இட்ட நீரில் வெள்ளி நைத்திரேற்றுக் கரைசலைத் துளித்துளியாக விட, மஞ்சள் நிறம் செங்கல் நிறமாக மாறுமிடத்தில் குளோரைட்டின் அளவு புலனாகும். பாடசாலை ஆய்வுகூடத்திலும் செய்யக்கூடிய சோதனை இது.

20ஆம் நூற்றாண்டில் குளிர்நாட்டு வாவிகள் புதியதோர் உப்பைச் சந்தித்தன. வீதிகளில் உறையும் பனியை உருக்க உப்பைத் தூவும் வழக்கம் 1938இல் அமெரிக்காவின் நியூ ஹம்ப்சயர் மாநிலத்தில் பரீட்சார்த்தமாகத் தொடங்கிப் பின்னர் பரவியது. உயிர் காக்கும் நோக்கில் இடப்பட்ட அவ்வுப்பு உருகிய பனியோடு வாவிகளை அடைந்தது. விஸ்கொன்சின் மாநிலத்தின் மடிசன் நகரை அடுத்த மென்டோட்டா ஏரியில், 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் லீற்றருக்கு 5 மில்லிகிராமுக்கும் குறைவாக இருந்த குளோரைட்டு, அண்மைக் காலத்தில் 50 மில்லிகிராமைக் கடந்துள்ளது. அவ்வேரியின் நீரைப் பல்கலைக்கழகத்தார் தலைமுறை தலைமுறையாகப் பதிந்து வந்தமையாலேயே இவ்வுண்மை வெளிப்பட்டது. 2017இல் வெளியான ஆய்வொன்று வட அமெரிக்காவின் 371 வாவிகளின் பதிவுகளை ஒப்புநோக்கி, கரையிலிருந்து 500 மீற்றருக்குள் நிலத்தின் 1 சதவீதமே வீதியாலும் கட்டடத்தாலும் மூடப்பட்டிருந்தாலும் வாவி உப்பாகும் வாய்ப்பு உயர்கின்றது எனக் காட்டியது.

நியூ யோர்க் மாநிலத்தின் றொச்செஸ்ரர் நகரை அடுத்த இரொண்டிக்குவொயிற் குடாவின் வரலாறு மேலும் படிப்பினை தருவது. வீதியுப்பால் அடிநீர் கனத்தமையால், 1970ஆம் ஆண்டு இளவேனிலில் அக்குடாவின் மேல்நீரும் அடிநீரும் முற்றாகக் கலக்கவில்லை என ஆய்வாளர் 1971இல் அறிவித்தனர். அதன்பின் உப்பின் பயன்பாடு குறைக்கப்பட்டது. 1974 முதல் 1984 வரை தொடர்ந்த அளவீடு, குளோரைட்டுக் குறைந்து நீர்க்கலப்பு மீண்டமையைக் காட்டியது. அளவீடு குற்றத்தை நிறுவியதோடு நில்லாது, திருத்தம் பயன் தந்ததையும் நிறுவியது என்பது ஈண்டு கவனிக்கத்தக்கது.

மலைநாட்டு உப்பு

இனி நுவரெலியாவுக்கு மீள்வோம். தை, மாசி மாதங்களின் தெளிந்த இரவுகளில் அங்கும் தரையில் பனி உறைவதுண்டு. அது கொழுந்தையும் உருளைக்கிழங்கு இலையையும் கருக்கிவிடும். எனினும் வீதிகள் பனிக்கட்டியால் மூடப்படுவதில்லை; ஆதலின் வீதியில் உப்பிடும் தேவையுமில்லை. மலைநாட்டு நீருக்கு உப்பு வேறு வழிகளால் வருகின்றது. அவ்வழிகள் மூன்று.

முதலாவது பசளை. தேயிலைக்கும் காய்கறிக்கும் பொற்றாசியம் அளிக்க இடப்படும் பொற்றாசியம் குளோரைட்டில் எடையளவில் ஏறக்குறைய 47 சதவீதம் குளோரைட்டாகும். 50 கிலோகிராம் மூடை ஒன்றில் 23 கிலோகிராமுக்கு மேற்பட்ட குளோரைட்டு உண்டு. பயிருக்கு வேண்டியது பெரும்பாலும் பொற்றாசியமே; குளோரைட்டின் பெரும்பகுதி மழையோடு கீழிறங்கும். ஒரு மூடையின் குளோரைட்டு முழுவதும் ஒருங்கே சேர்ந்தால், ஏறத்தாழ 23,500 கன மீற்றர் நீரின் குளோரைட்டை லீற்றருக்கு 1 மில்லிகிராம் வீதம் உயர்த்தும். 1960களின் பிற்பகுதியில் உருளைக்கிழங்கு இறக்குமதி தடுக்கப்பட்டபின் நுவரெலியாவில் உருளைக்கிழங்குச் செய்கை பெருகியது. கரட், லீக்ஸ், கோவா முதலியனவும் சரிவுகளை நிறைத்தன. ஆண்டொன்றில் ஒரே பாத்தியில் மீண்டும் மீண்டும் பயிரிடும் முறையில் இரசாயனப் பசளையும் கோழி எருவும் மிகுதியாகச் சேருதல் இயல்பே.

இரண்டாவது மனிதக் கழிவு. ஒருவர் உணவோடு கொள்ளும் குளோரைட்டு நாளொன்றுக்கு ஏறத்தாழ 6 கிராம் எனக் கொள்ளப்படுகின்றது. அது அவ்வாறே உடலினின்று வெளியேறும். ஆயிரம் பேர் தங்குமிடத்திலிருந்து நாளொன்றுக்கு 6 கிலோகிராம் என்பது கணக்கு. சித்திரை மாதப் பருவகாலத்தில் பல்லாயிரவர் வந்து குவியும் நகரில் விடுதிகளின் கழிவு எவ்வளவாகும் என்பதை இதனால் உய்த்துணரலாம். மூன்றாவது கடற்காற்று கொணரும் இயல்பான உப்பு. அது சிறிதளவே, றிச்சட்ஸின் படத்திற்போல இதுவே ஒப்பீட்டுக்குரிய அடித்தளம்.

மலைநாட்டு நீரிற் காணப்படும் அளவில் குளோரைட்டு நஞ்சன்று. இலங்கையின் 2013ஆம் ஆண்டுக் குடிநீர்த் தர நியமம் லீற்றருக்கு 250 மில்லிகிராம் வரை குளோரைட்டை ஏற்கின்றது. மலையோடைகள் இவ்வெல்லைக்கு மிகத் தொலைவில் உள்ளன. ஆகவே குளோரைட்டைக் குற்றவாளியாகக் கொள்ளலாகாது, அது சாட்சி. அதனோடு உடன்வந்து, அளவிற் கரந்து நிற்கும் நைத்திரேற்றும் பொசுபேற்றும் நோய்க்கிருமிகளுமே தீங்கு விளைப்பன. பொசுபேற்று மிகுந்தால் அல்காக்கள் பெருகும். 1991இல் கொத்மலை நீர்த்தேக்கத்திலும் 1999இல் கண்டி வாவியிலும் நீலப்பசும் அல்காக்கள் பெருகி நீரின் நிறத்தையே மாற்றின. இவ்வல்காக்களுட் சில ஈரலைத் தாக்கும் நஞ்சைச் சுரப்பன. கொதிக்கவைத்தல் கிருமிகளைக் கொல்லுமேயன்றி இந்நஞ்சை நீக்காது.

பழியும் அளவும்

மாசுற்ற வாவியொன்றைப் பற்றிய உரையாடலில் விரைந்து எழும் வினா, குற்றம் யாருடையது என்பதாகும். அளவு இல்லாதவிடத்து இவ்வினாவுக்கு விடை அதிகாரத்தாலேயே அமையும். பழி எளியவர்மீது விழும். லயத்துக் கால்வாயும் சிறு விவசாயியின் பாத்தியும் கண்ணுக்குத் தெரிவன. பெருவிடுதியின் கழிவுக்குழாய் நிலத்தடியில் மறைந்திருப்பது. பல தலைமுறைகளாக ஓடைக்கரையில் ஒடுங்கிய லயங்களில் குடியமர்த்தப்பட்டு, கழிப்பிட வசதியும் போதியளவு வழங்கப்படாத மக்களே நீரைக் கெடுப்போர் எனச் சுட்டப்படுதல் எளிது. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றோராக்கப்பட்டு, உள்ளூராட்சியில் நீண்டகாலம் குரலற்றிருந்தோர் இப்பழியை மறுக்க வழியும் இருந்ததில்லை.

அளவீடு இந்நிலையை மாற்றவல்லது. ஓடையொன்றில் காட்டின் எல்லை, தோட்டத்தின் அடி, நகரின் மேல், நகரின் கீழ், வாவியின் வாயில் என ஐந்து இடங்களில் நீரெடுத்து நோக்குவோமாயின், எவ்விரு இடங்களுக்கிடையே குளோரைட்டு உயர்கின்றதோ அவ்விடைவெளியிலேயே அதன் மூலம் உள்ளதென்பது பெறப்படும். காலமும் சான்று பகரும். கழிவுநீர் நாள்தோறும் ஏறத்தாழ ஒரே அளவில் வருவது. ஆகவே நீரோட்டம் குன்றிய வறட்சிக் காலத்தில் அதன் செறிவு மிகும். பசளையோ மழைக்காகக் காத்திருப்பது. நீண்ட வறட்சியின்பின் வரும் முதல் மழையில் அதன் சுவடு ஓடையில் எழும். வறட்சியின் உச்சமும் முதல் மழையின் உச்சமும் ஒருசேரக் காணப்படின் இரு மூலங்களும் உள்ளன எனக் கொள்ளலாம். இங்ஙனம் ஊகத்தால் ஒருவரைச் சுட்டும் நிலை நீங்கி, எண்ணால் இடத்தைச் சுட்டும் நிலை ஏற்படும்.

பெருந்தோட்டம் அளவீட்டுக்குப் புதிய இடமன்று. கொழுந்தின் எடை நாள்தோறும் தராசில் நிறுக்கப்பட்டது. ஆளின் வரவு செக்ரோலிற் பதியப்பட்டது. மழைமானி காலைதோறும் பார்க்கப்பட்டது. தலவாக்கலையில் உள்ள தேயிலை ஆராய்ச்சி நிலையம், 1925இல் தோற்றம் பெற்றதிலிருந்து மண்ணையும் பசளையையும் ஆராய்ந்து வருகின்றது. இலாபத்தோடு தொடர்புடையன யாவும் ஓயாது அளக்கப்பட்ட அம்மலையில், பீலியிலிருந்து குடத்தில் விழுந்த நீர் அங்ஙனம் நாள்தோறும் அளக்கப்படவில்லை. எதனை அளப்பது, எதனை விடுவது என்பதே ஓர் ஆட்சியின் மதிப்பீட்டைக் காட்டும் ஆவணமாகும்.

சட்டத்தளவில் நிலைமை பின்னர் முன்னேறியது. 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கத் தேசிய சுற்றாடற் சட்டத்தின்கீழ் 1981இல் மத்திய சுற்றாடல் அதிகாரசபை நிறுவப்பட்டது. பல்கலைக்கழக ஆய்வாளர்களும் மலைநாட்டு நீர்நிலைகளைக் காலத்துக்குக் காலம் ஆராய்ந்துள்ளனர். எனினும் ஈராண்டு ஆய்வு ஒன்று வாவியின் நிழற்படமாகுமேயன்றி வரலாறாகாது. 2021ஆம் ஆண்டில் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டு, அவ்வாண்டு முடிவதற்குள் அத்தடை தளர்த்தப்பட்டது. விவசாயிகளுக்குப் பேரிடராக அமைந்த அந்நிகழ்ச்சி, நீரியல் நோக்கில் நாடளாவிய சோதனையுமாகும். அதற்கு முன்னும் பின்னும் மாதந்தோறும் தொடர்ந்த பதிவுள்ள ஓடையே அச்சோதனையின் விளைவைக் கூறவல்லது.

இவ்விடத்து மற்றுமோர் உண்மை உணரத்தக்கது. வாவியின் அடிச்சேறு கடந்தகாலத்தின் சில செய்திகளைக் காத்து வைத்திருக்கும். மண்ணரிப்பையும் பொசுபேற்றையும் நுண்பாசிகளின் ஓடுகளையும் சேற்றின் படைகளிலிருந்து பிற்காலத்தவர் படிக்கலாம். குளோரைட்டோ சேற்றில் தங்காது நீரோடு சென்றுவிடும். அளக்காது விட்ட ஆண்டின் உப்பை எவ்வாய்வாளரும் மீட்டெடுத்தல் அரிது. ஏடு செல்லரித்தாலும் படி எடுத்தவர் எவரேனும் இருக்கக்கூடும். நீரேட்டுக்குப் படி இல்லை.

கீழ்நோக்கிய பயணம்

கிரகரி வாவியின் நீர் நுவரெலியாவோடு நின்றுவிடுவதன்று. அது நானுஓயாவாக இறங்கிக் கொத்மலை ஓயாவைச் சேர்கின்றது. 2012இல் இயங்கத் தொடங்கிய மேல் கொத்மலைத் திட்டத்தின் தலவாக்கலை அணையும், 1985இல் நிறைவெய்திய கொத்மலை அணையும் அந்நீரை மறித்து மின்னாக்குகின்றன. பின்னர் அது மகாவலியில் கலந்து, கம்பளையைக் கடந்து, பேராதனையில் பல்கலைக்கழக வளாகத்தை ஒட்டிச் சென்று, கண்டிப் பகுதி மக்களுக்குக் குடிநீராகி, பொல்கொல்லையில் ஒரு பகுதி வடக்கே திருப்பப்பட, எஞ்சியது கிழக்கே திருகோணமலைக் கடலை நாடுகின்றது. மலையுச்சியில் ஒருவர் இடும் பசளையும் ஒரு விடுதி விடும் கழிவும் இவ்வழிநெடுகிலும் வாழ்வோரின் கணக்கிற் சேருகின்றன. வழியில் நீர் பெருகுவதால் செறிவு குறையுமேயன்றி, இட்ட உப்பின் மொத்த அளவு குறைவதில்லை.

ஆதலின் வாவியைக் காத்தல் கரையை அழகுபடுத்துவதாலோ படகுத்துறை அமைப்பதாலோ முற்றுப்பெறாது. சேற்றை அகழ்ந்து அகற்றலும் தற்காலிகப் பரிகாரமே. மூலம் அடைபடாதவரை சேறு மீளும். லயங்களுக்கும் நகருக்கும் முறையான கழிவகற்றல், ஓடைக்கரையில் பயிரிடாது விடும் புல்வரம்பு, மண் பரிசோதனைக்கேற்ற பசளை ஆகியனவே மூலத்தைத் தொடுவன. இவற்றின் பயனை அறிவிப்பது இடையறாத அளவீடு. அதற்குப் பெருஞ்செல்வம் வேண்டியதில்லை. வெள்ளி நைத்திரேற்றுக் கரைசலும், மின்கடத்துதிறன் மானி ஒன்றும், குறித்த நாளில் குறித்த இடத்தில் நீரெடுக்கும் ஒழுங்கும், தலைமுறை மாறினும் மூடப்படாத பதிவேடு ஒன்றும் போதும். மென்டோட்டா ஏரியின் வரலாற்றைத் தந்தவை பெரும்பாலும் இத்தகைய எளிய கருவிகளே.

மலைநாட்டுப் பாடசாலைகளிற் பயின்று பல்கலைக்கழகம் வந்துள்ள மாணவர் பலர் இரசாயனவியலும் புவியியலும் வரலாறும் கற்கின்றனர். தோட்டத்து ஆசிரியர்களும் மாணவர்களும் பல்கலைக்கழக ஆய்வுகூடங்களும் ஒன்றிணைந்து, நுவரெலியா, லிந்துலை, தலவாக்கலை, ஹட்டன் ஆகிய இடங்களின் ஓடைகளை மாதந்தோறும் பதியத் தொடங்கினால், பத்தாண்டுகளில் ஒரு தொடர் உருவாகும். ஐம்பதாண்டுகளில் அது எவராலும் மறுக்கவியலாத ஆவணமாகும். தம் உழைப்பின் எடையைப் பிறர் குறிக்கக் கண்ட சமூகமொன்று, தான் பருகும் நீரின் அளவைத் தானே குறிக்கத் தொடங்குதல், அதன் வரலாற்றில் சிறிய நிகழ்ச்சியாக இராது.